ஆயில் குடிக்கும் வண்டியும் என் அக்கா வீட்டுக்காரரும்

என் அக்கா வீட்டுக்காரரைக் கம்பிக்காரர் என்று சொன்னால்தான் எங்கள் மலையில் ஆட்களுக்குத் தெரியும். சொந்தப் பெயர் ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வண்டிக்கு அவர்தான் டிரைவர். தினமும் காலையில் வண்டியின் பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குள் செருகியிருக்கும் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவுவார். துணியில் துடைப்பார். மறுபடி செருகி, மறுபடி உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு தடவை பார்த்து விடுகிற ஆள் இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை.

"தப்பு பண்ணவன்தான் கம்பி எண்ணுவான். நீ ஒரே கம்பியைத் தினம் தினம் எண்ணுறியே, என்னய்யா தப்பு பண்ணுன?" என்று எங்கள் ஊர்த் தையல்காரர் ஒரு நாள் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மடிக்க முடியாமல் போகிற வரைக்கும் மடித்துக்கொண்டே நின்றார். அதை நான் பார்த்தேன். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

மலைக்கு மேலே இருப்பது ஆறு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. கூட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, நோயாளிகளோடு துணைக்குப் போவது எல்லாம் என் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் தையல்காரரையும் கோழிப்பண்ணைக்காரம்மாவையும் கீழே கொண்டுபோய், நாலு மணி நேரம் மெஷினில் போட்டு, சாயங்காலத்துக்குள் மேலே கொண்டுவர வேண்டும். மாமா ஓட்டுவார். தையல்காரர் முன்னால் உட்காருவார். நானும் கோழிக்காரம்மாவும் போர்வை, தண்ணீர் பாட்டில், வாந்திப் பையோடு பின்னால். இறங்க இருபத்தாறு வளைவு, ஏற இருபத்தாறு வளைவு.

ஒரு நாள் தவறினால் இவர்களுக்குக் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. அந்த ரோட்டில் வேறு வண்டி சுலபத்தில் வராது. அதனால் எங்கள் வண்டி நடு வழியில் நின்றுவிடக் கூடாது. மாமாவுக்கு இருந்த பயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பயம் அவரை முழுசாகத் தின்றது.

ஏனென்றால் ஒரு தடவை நின்றிருக்கிறது.

பதினோரு வருஷம் இருக்கும். அப்போது பழைய வண்டி. நெஞ்சு வலி என்று ஒருவரை ஏற்றிக்கொண்டு அவசரமாக இறங்கியிருக்கிறார். பதினேழாவது வளைவில் என்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டது. அடியில் இருந்த மூடி தளர்ந்து, வழியெல்லாம் ஆயில் ஒழுகி, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அன்று காலை அவசரத்தில் மாமா கம்பியைப் பார்க்கவில்லை. ஒரு லாரி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பின் சீட்டில் இருந்தவர் அதுவரை தாங்கவில்லை.

அவர் தையல்காரருடைய கூடப்பிறந்த அண்ணன்.

தையல்காரர் அதைப் பற்றி மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் பேசியதில்லை. பிறகு தையல்காரருக்கே சிறுநீரகம் போய், வாரத்தில் மூன்று நாள் அதே டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பதினேழாவது வளைவைக் கடக்க வேண்டி வந்தது. அந்த வளைவு வரும்போது அவர் மலைப் பக்கம் பார்ப்பார். மாமா ரோட்டைப் பார்ப்பார். எனக்குக் கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரியும்.

புது வண்டி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ வைத்தது. மழையில் மண் சரிந்து கிடந்தாலும் ஏறிவிடும். மேலே ஏறும்போது மூச்சே வாங்காது. வந்த முதல் நாள் மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா மருமகப் பிள்ளையைப் பார்க்க வந்தது போல வாசலில் நின்று பார்த்தாள். ஒரே ஒரு குறை. பழைய ஷெட்டுக்குள் அது நுழையவில்லை. உயரம் இடித்தது. "போகட்டும், வெளியவே நிக்கட்டும்" என்று எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் ஏற்றி, மதில் ஓரமாக நிறுத்தினார். அதுவே அதன் இடமாகிவிட்டது.

மறுநாள் காலையில் கம்பியை உருவினார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. என்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்கக் கூடாது, காலையில் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். "ரத்தம் எடுக்கிற மாதிரி, வெறும் வயித்துலதான் பார்க்கணும்" என்று நர்சம்மாவிடமே சொல்வார். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது, கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அன்று ஆயில் கீழ்க்கோட்டைத்தான் தொட்டது.

"புது வண்டியிலேயே குறைச்சு ஊத்தி அனுப்பியிருக்கான் பாரு" என்று முனகிக்கொண்டே ஊற்றினார்.

மூன்றாவது வாரம் மறுபடி குறைந்தது. ஊற்றினார். அடுத்த வாரமும் குறைந்தது.

ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார். காலையில் குனிந்து பார்த்தால் அட்டை போட்டபடி இருக்கும். ஒரு பொட்டுக் கறை கிடையாது. அட்டையை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சின்னவளே, ஒழுகுனா தெரிஞ்சுடும். அடைச்சுடலாம். இது ஒண்ணுமே காட்டாம குடிக்குது. எங்க போகுதுன்னு தெரியல" என்றார்.

எங்கள் வீட்டிலும் அந்த வண்டி புகுந்துவிட்டது. சாப்பிடும்போது திடீரென்று கை நின்றுவிடும். எதையோ காது கொடுத்துக் கேட்பது போல இருப்பார். அக்கா கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள்.

"சட்டியில இருக்கிறதையும் கம்பி விட்டு அளந்து பார்த்துட்டுத்தான் சாப்பிடுவீங்களா?"

"சும்மா இருடி."

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க தலகாணி உறைதான் சும்மா இல்ல. எத்தனை சோப்பு போட்டாலும் ஆயில் நாத்தம் போக மாட்டேங்குது. அந்த மகராசி வண்டி ஆயிலைக் குடிக்குறாளோ இல்லையோ, என் சோப்பைக் குடிக்குறா."

அவர் சிரிக்கவில்லை. "நீ அந்த ரோட்டுல வந்து ஒரு தடவை நின்னு பாரு" என்றார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வீட்டில் 'நின்னு' என்கிற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

கீழே இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை கொண்டுபோனார். நோயாளிகள் மெஷினில் இருக்கும் நேரத்தில் போய்விட்டு வருவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். கண்ணாடி போட்ட அறை, பளபளவென்று மட்டமான தரை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "என்ன சார் விளையாடுறீங்க? நிறைஞ்சு வழியுது. நீங்க குறையுதுங்கிறீங்க" என்றார்.

"காலையில பார்த்தேன் சார், கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்துச்சு. அரை லிட்டர் ஊத்திட்டுத்தான் வந்தேன்."

"புத்தகத்துலயே போட்டிருக்கு சார். இந்த மாதிரி டர்போ வண்டி கொஞ்சம் ஆயில் எடுக்கத்தான் செய்யும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர்னா சகஜம். நீங்க ரொம்பப் பயப்படுறீங்க. போய் ஒரு டீ சாப்பிடுங்க."

பக்கத்தில் நின்ற இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். கூடுதலாக இருந்ததை அவர்கள் வடித்துவிட்டு, சரியாக வைத்து அனுப்பினார்கள். கீழே சரியாக இருந்தது. மறுநாள் காலை எங்கள் முற்றத்தில் மறுபடி கீழ்க்கோட்டுக்குக் கீழே.

அன்றைக்குத்தான் அவர் நிஜமாகவே பயந்தார். இருபத்தாறு வளைவு ஏறுவதற்குள் ஒன்றரை லிட்டரா குடிக்கும்? இல்லை, சர்வீஸ்காரர்கள் ஏதோ மறைக்கிறார்களா? யாரிடமும் சொல்லாமல் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு கேன் ஆயில் வைத்துக்கொண்டார். அதுவும் போதவில்லை. கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோடு வரைக்கும் ஊற்றி நிறுத்துகிறவர், இப்போது மேல்கோட்டுக்கு மேலே ஒரு நகக்கண் அளவு ஊற்ற ஆரம்பித்தார். பழைய வண்டிக்கு அப்படித்தான் ஊற்றுவாராம். கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் ஆள் போகும் என்பது அவர் கணக்கு.

ஒரு தப்பு நானும் செய்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள், பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் ஒரு புகை சுருளாக எழும். டீசல் புகை கறுப்பாக இருக்கும். இது நீலம். வாரத்துக்கு வாரம் அதிகமானது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. ஆனாலும் ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது தனியாகச் சொன்னேன்.

"மாமா, ஏறும்போது பின்னால நீலமா புகை வருது."

வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

"குடிக்குது. குடிச்சு எரிக்குது. நான் சொல்லல?" நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து ஒரு நகக்கண் இரண்டு நகக்கண் ஆனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. இரண்டு பேரையும் மெஷினிலிருந்து இறக்கி, கையில் ஊசி போட்ட இடத்தை அழுத்திக் கட்டி, மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். மெஷினிலிருந்து இறங்கிய நேரத்தில் இவர்கள் பிழிந்த துணி மாதிரி இருப்பார்கள். கோழிக்காரம்மா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தையல்காரர் மட்டும் வாயை மூடவில்லை.

"யோவ் கம்பி, உன் வண்டிக்கும் ஒரு மெஷின் வாங்கிப் போடு. அதுக்கும் சிறுநீரகம் போயிருக்கும்."

"சும்மா வாங்கண்ணே."

இருபதாவது வளைவு செங்குத்தான ஏற்றம். வளைவு முடிகிற இடத்தில் எதிரே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரியும். மாமா கியரைக் குறைக்க ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்தார். என்ஜின் சத்தம் தணிய வேண்டும். தணியவில்லை. ஏறியது.

முதலில் அவர் கால் தவறி மிதித்துவிட்டார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் அவருடைய வலது கால் பிரேக்கில் இருந்தது. ஆக்சிலேட்டரில் யாருமே இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அது வண்டிச் சத்தமாகவே இல்லை, எதையோ உயிரோடு அறுப்பது போல இருந்தது. சீட்டு, கதவு, என் பல் எல்லாம் அதிர்ந்தன. பின்னால் ரோடு தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை எழும்பி, ஜன்னல் வழியாக உள்ளேயும் வந்தது.

மாமா சாவியைத் திருப்பினார். முன்னால் இருந்த விளக்கெல்லாம் அணைந்தன. என்ஜின் அணையவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துப் பார்த்தார். சாவி கையில் இருக்கிறது, வண்டி அலறுகிறது. அந்த ஒரு நொடி அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! சின்னவளே, இறக்கு!"

ஹாண்ட் பிரேக்கைத் தூக்கினார். இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில். இரண்டில் எதை எடுத்தாலும் என்ன ஆகும் என்று எனக்கே புரிந்தது. கிளட்சிலிருந்து கால் நழுவினால் வண்டி முன்னால் பாயும். முன்னால் அந்த முழங்கால் சுவர்.

கோழிக்காரம்மாவை அக்குளில் கை கொடுத்து இழுத்து, மலைப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தேன். திரும்பி ஓடி வந்து முன் கதவைத் திறந்தால் தையல்காரர் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். விரலில் பலமே இல்லை. நான் அவர் மேல் குனிந்து கழற்றினேன். அவர் இறங்காமல் மாமாவைப் பார்த்தார்.

"நீயும் இறங்குய்யா!"

"கால எடுத்தா பாஞ்சுடும்ணே. நீங்க போங்க."

"பாஞ்சா பாயட்டும், இரும்புதானே. இறங்கு!"

"அது பாஞ்சா சுவத்தோட நிக்காது. கீழ வளைவுல ஆளுங்க வருவாங்க. போங்கண்ணே!"

தையல்காரர் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல ஒருத்தர் போனது போதும்டா" என்று கத்தினார். சத்தத்தில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நான் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தேன். இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். அவர் கைக்கட்டில் ரத்தம் கசிந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

புகைக்குள் மாமாவின் தலை மட்டும் தெரிந்தது. கையை நீட்டிக் கியர் கம்பியைத் தள்ளினார். வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் பெரிய கியரில் போட்டுக் கிளட்சைப் பொசுக்கென்று விட்டால் வண்டி திணறி நின்றுவிடும். அந்த நேரத்தில் அவருக்கு அதுதான் ஞாபகம் வந்ததாகப் பிறகு சொன்னார். மேல் கியரில் போட்டு, பிரேக்கின் மேல் ஏறியே நின்று, கிளட்சை விட்டார்.

வண்டி எம்பியது. முன் சக்கரம் ஒரு முழம் நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டமால் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் கோழிக்காரம்மா விசும்புவது மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தால் வண்டி சுவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றது. மாமா இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். கால் இரண்டும் பெடலில் இறுகியிருந்தன. "எடுக்க முடியல" என்றார். நான் குனிந்து, அவர் காலைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தேன். சாவி இன்னும் உள்ளங்கையில் இருந்தது. அதன் பல் பதிந்து தோல் கிழிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் வந்த காய்கறி லாரி எங்களை மேலே ஏற்றிவிட்டது. மறுநாள் வண்டியையும் கட்டி இழுத்து, வழக்கமான இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கீழேயிருந்து மெக்கானிக் வந்தார். குள்ளமான, தொந்தி வைத்த மனிதர். பேச்சு குறைவு. காற்று போகிற குழாய் ஒன்றைக் கழற்றிச் சாய்த்தார். அதிலிருந்து ஆயில் தண்ணீர்க் குழாய் மாதிரி கொட்டியது.

"காத்து போற வழியில ஆயில் போயிருக்கு. என்ஜினுக்கு அதுவே தீனி. டீசலை நிறுத்தினாலும் ஆயிலைக் குடிச்சே ஓடியிருக்கு. சாவியைத் திருப்பி என்ன பிரயோசனம்?" என்றார். "ஆமா, எவ்வளவு ஊத்தினீங்க?"

"கீழ்க்கோட்டுக்குக் கீழ போனப்பல்லாம் ஊத்தினேன்."

"எப்படிப் பார்ப்பீங்க? காட்டுங்க."

மாமா அந்த நிலையிலும் துணியைத் தேடி எடுத்து, துடைத்து, செருகி, உருவிக் காட்டினார். "பாருங்க. மேல்கோட்டுக்கு மேலே நிரப்பிட்டுக் கிளம்பினேன். இப்ப பாதிகூட இல்ல."

மெக்கானிக் கம்பியைப் பார்க்கவில்லை. நின்ற இடத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தலை சாய்த்துப் பார்த்தார். "தினமும் இங்கதான் நிக்குமா? இப்படியே, மூஞ்சி மேட்டுப் பக்கமா?"

"ஆமா."

"இங்க வச்சுத்தான் பார்ப்பீங்களா?"

மாமா கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். நான் தினமும் அந்த முற்றத்தைக் கழுவுகிறவள். மதில் ஓரத்தில் ஊற்றுகிற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளவே வேண்டாம், தானாகக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிடும். இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே அவர் கம்பி பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. பழைய ஷெட்டின் தரை மட்டமானது. இருபது வருஷம் அங்கே பார்த்த பழக்கம், மேடு பள்ளம் என்று ஒன்று இருப்பதையே அவருக்கு மறக்க வைத்திருந்தது. மலையில் இருக்கிறவர்களுக்குச் சரிவு சரிவாகத் தெரியாது.

"கம்பி முன்னால இருக்கு. ஆயில் எல்லாம் பின்னால போய் நிக்குது. பின்ன எப்படி நனையும்?" என்றார் மெக்கானிக். அடி மூடியைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடித்தார். எட்டு லிட்டர் பிடிக்கிற என்ஜின். எரிந்தது, குழாயில் கொட்டியது எல்லாம் போக, இன்னும் ஒன்பதரை லிட்டர் இருந்தது. "கூடுதலா இருந்தா உள்ள அடிச்சு நுரையாகி, காத்து வழியா ஏறும். ஏறினா எரியும். எரிஞ்சா குறையும். குறைஞ்சா நீங்க ஊத்துவீங்க. அது தானா குடிக்கல. நீங்கதான் ஊட்டியிருக்கீங்க."

மாமா மதிலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அக்கா டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. "நான்தான் பண்ணியிருக்கேன்" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். அக்கா, எப்போதும் எதையாவது சொல்லிச் சீண்டுகிறவள், அன்று அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறியது.

தையல்காரர் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு எதிரே நின்றார். முந்தின நாள் வண்டிக்குள் கத்தியதை விட்டால், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பேசினார்.

"எங்க அண்ணனுக்கு ஊத்தாம விட்ட. எனக்கு ஊத்தி ஊத்திக் கொல்லப் பார்த்த."

மாமா தலையைத் தூக்கவில்லை. அக்கா எழுந்திருக்கப் போனாள். தையல்காரர் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

யாருக்கும் புரியவில்லை.

"மெஷினுக்குய்யா. எத்தனை மணிக்குக் கிளம்பணும்? இந்த வண்டி இல்லன்னா எந்த வண்டின்னு பார்த்துச் சொல்லு. நீதான் ஓட்டணும். காய்கறிக்காரன் பேசிட்டே ஓட்டுவான், எனக்குப் பயம்."

ஒன்பது நாள் காய்கறி லாரியில், மாமா ஓட்ட, முன்னால் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். அதற்குள் டர்போவை மாற்றி, குழாயெல்லாம் கழுவி, வண்டியைத் தயார் பண்ணிவிட்டார்கள். மெக்கானிக் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "இந்த வண்டியெல்லாம் இயல்பாவே கொஞ்சம் குடிக்கும். அதுக்குப் பதறாதீங்க. மட்டமான இடத்துல நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. கீழ்க்கோட்டைத் தொட்டா மட்டும் ஊத்துங்க."

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. முன்பு அவருக்குக் குறைந்துவிடுமோ என்று ஒரு பயம்தான். இப்போது கூடிவிடுமோ என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

ஊரில் மட்டமான இடம் என்றால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பத்தடி ரோடு மட்டும்தான். முதல் நாள் காலை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். நோயாளிகள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பானெட்டைத் தூக்கினார். கம்பியின் வளையத்தில் விரலை விட்டார். உருவவில்லை. அப்படியே நின்றார்.

"சின்னவளே, நீ பாரு."

"நானா மாமா?"

"என் கண்ணு குறையுறதை மட்டும்தான் பார்க்கும். அதை இனி நம்ப முடியாது. நீ பார்த்துச் சொல்லு. உள்ளதைச் சொல்லு."

துணியை என் கையில் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நின்றார். நான் துடைத்து, செருகி, உருவினேன். நடுவில் இருந்தது. சொன்னேன். கிளம்பினோம். அன்றிலிருந்து தினமும் நான்தான் பார்க்கிறேன்.

இன்று காலை பார்த்தபோது போன வாரத்தைவிட ஒரு நகக்கண் குறைவாக இருந்தது. கீழ்க்கோட்டுக்கு இன்னும் இரண்டு நகக்கண் இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவர் நிம்மதியாக ஓட்டுவார். ஆனால் உள்ளதைச் சொல் என்றாரே. சொன்னால் கை கேனுக்குப் போகுமோ என்று எனக்குப் பயம். சொல்லாமல் விட்டு வழியில் ஏதாவது ஆனால் என்று அதைவிடப் பயம். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். நாலாவது தடவை உருவும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"என்ன, இருக்கா இல்லையா?" தையல்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

"போன வாரத்தைவிட ஒரு நகக்கண் குறைஞ்சிருக்கு மாமா."

அவர் திரும்பவில்லை. முதுகு விறைத்தது மட்டும் தெரிந்தது. "ஊத்தணுமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா?"

"வேண்டாம் மாமா. இன்னும் ரெண்டு நகக்கண் இருக்கு."

பானெட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வண்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கோழிக்காரம்மா தூங்கிவிட்டாள். தையல்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு அது காதில் விழவில்லை. நான் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.